தொடர்ச்சிக் குறிப்பேடு

என் வேலை மறக்காமலிருப்பது.
எந்தப் பொத்தான் அவிழ்ந்திருந்தது,
ரத்தம் எந்தப் புருவத்தின்மேல்,
கோப்பையில் தேநீர் எவ்வளவு மீதி.
கட் என்று இயக்குநர் கத்தியதும்
எல்லோரும் மூச்சு விடுவார்கள்.
நான் எழுதத் தொடங்குவேன்.

கார்ன்வாலில், கைவிடப்பட்ட வெண்களிமண் சுரங்கத்தில்
அந்தக் கோடையில் ஓர் ஒற்றனைப் படம்பிடித்தோம்.
ஆறு புத்தகங்கள் விற்றுத் தீர்ந்தவன்.
ஆறிலும் அவனுக்கு வயது பதினான்கு.
பள்ளிப் பையில் பாராசூட்,
பல்லில் கட்டிய கம்பியில் ஒலிவாங்கி,
வீட்டுப்பாடம் மட்டும் எப்போதும் பாக்கி.

அவனாக நடித்தவன் ஜாகோ ட்ரெவாஸ்கிஸ்.
நியூலின் துறைமுகத்தில் மீன்பெட்டி கழுவுகிறவரின் மகன்.
நாலாயிரம் பையன்களில் பொறுக்கியெடுத்தது.
முதல் நாள், உடைகள் வண்டியின் கதவில்
அவன் உச்சந்தலைக்கு நேராகப் பென்சிலால் கோடிட்டேன்:
நூற்றைம்பத்திரண்டு.

மூன்றாம் வாரம் சட்டைக் கை
மணிக்கட்டைவிட்டு ஏறியது.
உள்ளே மடித்துத் தைத்திருந்ததைப் பிரித்துவிட்டாள் கெரென்சா.
ஐந்தாம் வாரம் பிரிப்பதற்கு மடிப்பில்லை.
வில்லனை ஆப்பிள் பெட்டிமேல் நிறுத்தினோம்.
அம்மாவாக வந்தவளுக்குக் குதிகால் செருப்பு.
காவலாளிகள் இருவரும் பலகைமேல் நடந்தார்கள்.
அவனைக் குறைக்க வழியில்லை,
அவனைச் சுற்றியிருந்த உலகத்தைக்
கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினோம்.

பிறகு ஒருநாள், கம்பிவடத்தில் தொங்கியபடி
"உங்கள் ரகசியம் என்னிடம் பத்திரம்" என்று
சொல்லவேண்டிய இடத்தில்
அவன் தொண்டைக்குள்ளிருந்து
யாரோ ஓர் அந்நியர் பேசினார்.
வில்லன் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான்,
அடக்க முடியவில்லை.
பச்சைத் திரைக்குப் பின்னால் போய்
முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான் ஜாகோ.
அவன் கன்னத்தில் ஒப்பனை எதுவரை கரைந்திருந்தது
என்று அன்று நான் குறிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் லண்டனிலிருந்து தயாரிப்பாளர்:
"பையன் வளர்கிறானா?"
கூரை ஒழுகுகிறதா என்று கேட்கிற குரல்.
அடுத்த படத்தின் ஒப்பந்தம்
அந்தப் பென்சில் கோட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.
நூற்றைம்பத்திரண்டு என்றேன்.
அதற்கடுத்த வெள்ளியும் நூற்றைம்பத்திரண்டு.
நூற்றைம்பத்தொன்பதைத் தாண்டிய பின்னும்.
பதினேழு ஆண்டுத் தொழிலில்
குறிப்பேட்டில் நான் எழுதிய ஒரே பொய்.
அத்தனை ஒற்றர்கள் நடமாடிய படத்தில்
நிஜமாக உளவு வேலை பார்த்தது நான்தான்.

படம் இரண்டு வாரம் ஓடியது.
அடுத்தது வரவேயில்லை.
புத்தகங்கள் பதினொன்றாகிவிட்டன.
விமான நிலையக் கடையில் புரட்டிப் பார்த்தேன்,
இன்னமும் பதினான்கு,
இன்னமும் வீட்டுப்பாடம் பாக்கி.

போன மே மாதம் பென்சான்ஸ் படகுத்துறையில்
சில்லித் தீவுகளுக்குப் போகிற வரிசை.
சீட்டுக் கிழிப்பவனுக்குச் செம்பட்டைத் தாடி,
எந்த நிலைவாசலிலும் குனியவேண்டிய உயரம்.
சீட்டைத்தான் பார்த்தான்,
என்னைப் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.
"கடிகாரம் அப்போது வலது கையில்" என்றான்,
உதடு அசையாமல்.

எலும்பு முறிந்த கதையைச் சொல்லியிருக்கலாம்.
பின்னாலிருந்து குழந்தையின் தள்ளுவண்டி ஒன்று
கணுக்காலில் இடித்தது. நகர்ந்தேன்.

மேல்தளத்தில் நல்ல காற்று.
கடிகாரத்தைக் கழற்றி
வலது கைக்கு மாற்றிக் கட்டினேன்.
பழைய துளையில் வார் விழவில்லை.