அடுப்போரத் தோள்

மைனஸ் முப்பத்தொன்று.
அணைத்தால் டீசல் உறைந்துவிடும் என்று
வண்டியை வெளியே உறுமவிட்டு
கம்பளிக் கூடாரத்துக்குள் குனிந்து நுழைந்தேன்.

கோம்போசுரேனின் கட்டில் அடுப்போரம் வந்திருந்தது.
போன வாரம் மேற்குப் பக்கம் கிடந்தது.
"குளிருது என்றார், இழுத்துப் போட்டேன்"
உப்புப் பால்தேநீரை நீட்டியபடி சொன்னாள் துல்மா.

மருந்துச் சீசாவை விளக்கருகே பிடித்தேன்.
ஏழு நாளில் பாதியாவது இறங்கியிருக்க வேண்டும்
மார்ஃபின்.
கழுத்துவரை நின்றது.
நோட்டிலோ ஒரு வேளையும் தவறவில்லை.

"தோளில்தான் ஒன்று ஒட்டியிருக்கிறதே.
ரெண்டும் ஒரே இனம் என்று நீதானே சொன்னாய்.
ஒன்றின் தலையில் இன்னொன்றை ஊற்றி
நான் அவரைக் கொல்லவா?"

விடிகாலை, அடுப்பு அவிந்த பிறகு,
அவர் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டு
எழுந்து எழுந்து
கரண்டி நிறையச் சீனித்தண்ணீர் கொடுத்திருக்கிறாள்.

சட்டையை விலக்கினேன்.
அடுப்புப் பக்கத் தோளில்
ஃபென்டனில் ஒட்டு
சுட்ட ரொட்டிபோல் கொதித்தது.
கண்மணிகள் கடுகாகச் சுருங்கிக் கிடந்தன.
மூச்சை எண்ணினேன்: நிமிடத்துக்கு ஒன்பது.
இன்னொரு முறை எண்ணினேன்.
ஒன்பதுதான்.

பயந்தது சீசாவுக்கு.
நம்பியது நெருப்பை.
இதை எப்படிச் சொல்வது
நாலு மாதமாய்ச் சாணி வறட்டி சுமந்து
அவரைச் சூடாய் வைத்திருப்பவளிடம்?

சொல்லவில்லை. "ஒரு கை கொடு" என்றேன்.
கட்டிலைப் பழைய இடத்துக்குத் தள்ளினோம்.
ஒட்டை உரித்தெடுத்தேன்.
சிக்னலுக்காக வண்டிக் கூரைமேல் ஏறி
டாக்டரிடம் கத்தினேன்.
இமைமயிர் உறைந்து ஒட்டிக்கொண்டது.

அன்று கிளம்பவில்லை.
பத்து. பன்னிரண்டு.
அடுப்பு அணைகிற நேரத்தில் பதினான்கு.
வலியும் கூடவே எழுந்து உட்கார்ந்தது.

முப்பது வருடம் கோபிப் பாதையில் லாரி ஓட்டியவர்.
விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கப் பார்த்தார்:
"சமவெளிக்கு ஒரு கியர், மேட்டுக்கு ஒரு கியர்.
ரெண்டையும் ஒன்றாய்ப் போட்டால் பெட்டி நொறுங்கும்,
மாற்றத் தெரியாவிட்டால் வண்டி மலையேறாது."
துல்மா சிரிக்கவில்லை.

டாக்டர் சொன்ன அளவு,
வழக்கத்தில் பாதி.
ஊசியில்லாச் சிரிஞ்சில் அவளையே எடுக்கச் சொன்னேன்.
கோட்டருகே வந்து கை நடுங்கியது.
திருப்பி ஊற்றி மறுபடி எடுத்தாள்.

விழுங்கிவிட்டு அவர்
நாக்கை ஒருமுறை சப்பினார்.
"கசக்குது" என்றார்
அவளைப் பார்த்து, மெதுவாக.

அவள் திரும்பிக்கொண்டு
எரியாத அடுப்பைக் கிளறினாள்.