புதன்

வீட்டையும் தோட்டத்தையும் அண்ணன் எடுத்துக்கொண்டான்.
எனக்கு ஒரு பெட்டி.
உள்ளே நீல வெல்வெட் பள்ளங்களில்
ஏழு சவரக்கத்திகள்,
எஸ்கில்ஸ்டூனா எஃகு, கருங்கொம்புப் பிடி,
முதுகில் ஆளுக்கொரு கிழமை.

அப்பாவுக்குத் தாடி.
கல்யாணப் படத்தில் தாடி,
விலாங்கு பிடித்து நிற்கும் படத்தில் தாடி,
சவப்பெட்டியிலும் செவிலி சீவிவிட்ட அதே தாடி.
பிறகு யாருக்காம் இந்த ஏழு நாள்?

நான் பல் செய்கிறவள்.
சிம்ரிஸ்ஹாம்னில், மருந்துக்கடை மாடியில்,
பிறர் வாய்க்குப் பீங்கான் பற்கள்.
மெருகுச் சக்கரமும் உருப்பெருக்கியும் கைவசம் உண்டு.
ஜனவரி மாலைகளில் பற்களை ஓரங்கட்டிவிட்டுக்
கிழமைகளைத் துடைத்தேன்.

திங்கள் ஒரு தேய்பிறையும் காணாதது.
செவ்வாயின் வாயோ செக்கச்செவேல்,
எண்ணெயில் ஊறி, நுண்தாள் பட்டுப் பட்டு
மூன்றாம் இரவில்தான் எஃகைக் காட்டியது.
வியாழனில் ஒரு கீறல், அவ்வளவே.
வெள்ளி வெள்ளியாகவே இருந்தது.
சனி, ஞாயிறு இரண்டிலும்
தொழிற்சாலை பூசிய மசகுகூடக் கலையவில்லை.

புதன் மட்டும்
பாதியாகத் தேய்ந்து, மீன் முள்போல்.

மால்மோவில் பழம்பொருள் விற்கும் வீகோ
கண்ணில் வில்லையைச் செருகிக்கொண்டார்.
"ஆறும் அருமை. நீ துருவெடுத்ததும் அருமை.
மெருகை இத்தோடு நிறுத்து,
எழுத்து அழிந்தால் பணமும் அழியும்."
புதனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து
'ச்சு' கொட்டினார்.
"தீட்டத் தெரியாத எவனோ
ஒரே பக்கமாய்த் தீட்டிக் கெடுத்திருக்கிறான்.
சவரக்கத்திக்கு இரண்டு கன்னமும் சமமாக வேண்டாமா?
ஏழும் ஒழுங்கென்றால் பன்னிரண்டாயிரம் குரோனர்.
இப்போது ஐந்து.
வேறொரு புதன் தேடித் தருகிறேன், கிடைத்தால்."

கிடைத்தால்.
பொன்னென்றால் தேடிக் கொடுத்துவிடுவார்.

ரயிலில் பெட்டி மடியிலேயே இருந்தது.
வெளியே பீட்ரூட் வயல்கள், உழுதது உழுதபடி உறைந்து.

அன்றிரவு புதனின் ஆணியைத் துளைத்தெடுத்தேன்.
கொம்புப் பட்டைகள் பிரிந்தன.
இடுக்கில் காய்ந்த சோப்பு இருக்கும் என்றிருந்தேன்,
இரண்டொரு மயிராவது.
இருந்தது மெழுகு.
ஊசியால் சுரண்டி விளக்குச் சுடரில் காட்டினால்
அறையெங்கும் பைன் பிசின் வாசம்.
மெழுகுக்குள் சிக்கியிருந்தது
குறுநொய் அளவு மரப்பட்டை.

ஒட்டுக்கட்டும் கத்திக்கு
ஒரு பக்கம்தான் சரிவு.
மறுபக்கம் தட்டையாக இருந்தால்தான்
குச்சியின் வெட்டு வழவழவென்று விழும்,
ஒரு மரத்தின் பச்சை
இன்னொரு மரத்தின் பச்சையோடு பொருந்தும்.
தெரியாமல் கெடுத்ததில்லை.
தெரிந்து, சாணைக்கல்லில் வருஷக்கணக்காய்,
வேறொன்றாக ஆக்கியது.

அண்ணனின் தோட்டத்தில் முப்பத்தொரு ஆப்பிள் மரங்கள்.
ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரத்தில் ஒரு புடைப்பு.
அதில் கால்வைத்துத்தான் நாங்கள் ஏறுவோம்.
மரமென்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

தொலைபேசியில் ஹோகன் முதலில் கேட்டது,
"எவ்வளவு தேறும்?"
"அந்த மெழுகு வாசம் ஞாபகமிருக்கிறதா?"
"எது, மீன் டப்பாவில் காய்ச்சுவாரே, அதுவா?
அடுப்பெல்லாம் பிசுக்கு. அம்மா கத்துவாள்."
சிரித்தான். அவன் பக்கம் நாய் குரைத்தது.
பிறகு சொன்னான்,
வடக்கு மூலை மரம் பட்டுக்கொண்டு வருகிறதாம்,
இன்னும் ஒரே கிளையில்தான் உயிராம்,
வெட்டினால் கராஜுக்கு இடம் கிடைக்குமாம்.
எந்தக் காயென்று கேட்டேன்.
"புளிக்குமே, அது. பேர் தெரியாது.
அப்பாவுக்கு மட்டும் பிடிக்கும்."

புதிய பித்தளை ஆணி இறுக்கிப் புதனை மூட்டினேன்.
சரிந்த பக்கத்தைக் கல்லில் ஏழு இழுப்பு.
தட்டையைத் தொடவில்லை.
பெருவிரல் மயிரில் வைத்துப் பார்த்தேன்,
எடுத்தது.

வெட்டும் ஆள் சனிக்கிழமை வருகிறானாம்.
அதற்குள் எனக்கு ஒரு குச்சி வேண்டும்,
பென்சில் பருமன், மூன்று மொட்டு.
வேருள்ள மரம் எங்கே என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்,
மாடியில் குடியிருக்கிறேன்.