கீமேன்

புனலூர் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தாள்.
மேல்தாடை குறுகல்.
இடப்பக்கம் மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே போய் விழுகிறது.
"கடி சரியல்லா, கேட்டோ."

காலையில் ஸ்டேஷன் வாசலில் டீக்கடைக்காரரும்
கடி என்ன வேண்டும் என்றுதான் கேட்டார்.
பழம்பொரி வாங்கினோம்.
உலகம்மை வலப்பக்கமாகவே மென்றாள்,
எப்போதும் போல.
எப்போதும் போல என்பதே
எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தினம் ஆறு கிலோமீட்டர்
தலையைக் குனிந்தே நடக்கிறவன் நான்,
எந்தக் கிளிப் கழன்றது, எந்த போல்ட் ஆடுகிறது என்று.
பகவதிபுரத்துக்கு மேலே குகைவரை என் பீட்.
சாவி அடிக்கிற காலம் போய்விட்டது,
இப்போது எல்லாம் கிளிப்.
பெயர் மட்டும் கீமேன்.

டாக்டரம்மா என் கையில் ஒரு சாவி கொடுத்தாள்.
ஊக்கு அளவுகூட இல்லை.
அண்ணத்தில் ஒட்டிய இரும்புக்கு நடுவே ஒரு துளை,
அதில் செருகி, முன்னாலிருந்து தொண்டைப் பக்கம் ஒரு தள்ளு.
ராத்திரிக்கு ஒன்று. கால் மில்லிமீட்டர்.
இருபத்தெட்டு ராத்திரி.

மீட்டர் கேஜைப் பிடுங்கி
அகலப்பாதை போட்டபோது
எட்டு வருஷம் ரயிலில்லாமல் கிடந்தது இந்த மலை.

முதல் ராத்திரி ஆபீஸ் டார்ச்சை அவள் வாய்க்குள் அடித்தேன்.
சிவப்பாய், ஈரமாய், ஒரு சின்னக் குகை.
கை நடுங்கியது.
"எப்பா, கண்ணுக்குள்ள அடிக்காதீங்க" என்றாள்.
தள்ளினேன்.
மூக்குத்தண்டில் யாரோ அழுத்துகிற மாதிரி இருக்காம்.
வலிக்கா என்றேன்.
வலின்னு இல்ல, நெருக்கடியா இருக்கு என்றாள்.

சோறு இரும்பில் அப்பிக்கொண்டது.
செங்கோட்டையைச் சொல்லும்போது எச்சில் தெறித்தது.
பத்தாம் நாள் முன்பல் இரண்டுக்கும் நடுவே
ஐந்து ரூபாய் நுழைகிற சந்து.
கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப்
பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று படுத்தாள்.
"சந்து வந்தாத்தான் எலும்பு விரியுதுன்னு அர்த்தம்"
என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன்.
"ஒங்க தண்டவாளத்துக்குச் சொல்லுங்க" என்றாள்.
சரிதான்.

இரண்டாவது முறை போனபோது
டாக்டரம்மா என்னையும் வாயைத் திறக்கச் சொன்னாள்.
திறந்தேன். காதுக்குக் கீழே டக்.
மூடினேன். டக்.
அதே குறுகல், அதே இடப்பக்கம்.
நாற்பத்தாறு வருஷம் ஒரு பக்கமாய் மென்றிருக்கிறேன்,
கல்யாணப் படத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.
எனக்கும் சாவி உண்டா என்று சிரித்தபடி கேட்டேன்.
"நிங்ஙள்க்கு எல்லு ஒட்டிப் போயில்லே.
இனி ஆப்பரேஷன்."
அவளுக்கு அண்ணத்தின் நடுக்கோடு இன்னும் மூடவில்லையாம்.

இருபத்தோராம் ராத்திரி மழை.
மண் சரிவு பார்க்க என்னை அனுப்பிவிட்டார்கள்.
குகை வாயில் நின்று பார்க்கிறேன்,
சட்டைப்பையில் சாவி.
மறந்து எடுத்து வந்துவிட்டேன்.
சிக்னல் வந்து வந்து போனது.
பதினோரு மணிக்கு லைன் கிடைத்தது.

"நேத்தே இன்னொண்ணு வாங்கிட்டேன்,
டாக்டரம்மா ஸ்பேர் குடுத்தா" என்றாள்,
ச எல்லாம் வழுக்கிக்கொண்டு.
அம்மாவுக்குப் பயமாம்,
அவளே கண்ணாடியை நிமிர்த்தி
அவளே தள்ளிக்கொண்டாளாம்.

எந்தப் பக்கமாத் தள்ளுன?
"தொண்டைப் பக்கம். எனக்குத் தெரியாதா?"
முழுசாப் போச்சா?
"அடுத்த ஓட்டை தெரிஞ்சுது. வையுங்கப்பா, தூக்கம் வருது."

கோட் நனைந்து கனத்தது.
ஆரியங்காவுப் பக்கமிருந்து ஓடை இரைச்சல்.
டார்ச்சை இரண்டு தண்டவாளத்திலும் மாறி மாறி அடித்தேன்,
எவ்வளவு தூரம் போனாலும் அதே இடைவெளி.
ஒரு கிளிப் லேசாய் வெளியே வந்திருந்தது.
சுத்தியலால் இரண்டு போடு போட்டேன்.

பிறகு யாருமில்லாத இடத்தில்
வாயை நன்றாகத் திறந்து மூடிப் பார்த்தேன்.
டக்.