பதினேழாம் எண் இடம்

வெள்ளி மதியம் இரண்டு வண்டிகள் வந்து நின்றன.
இரண்டின் கண்ணாடியிலும் ஒரே சீட்டு:
பதினேழு, ஏரிக்கரை, மூன்று இரவு.

பிப்ரவரியில் பதிந்தது.
ஏரி முதுகில் லாரி போகிற அளவுக்கு
உறைந்து கிடந்த மாதம்.
ஏப்ரலில் விவாகரத்து.
வீட்டை, நாயை, பனி வாரும் எந்திரத்தைப்
பங்கு போட்டவர்களுக்கு
இது மட்டும் பட்டியலில் விட்டுப்போயிருக்கிறது.

என்னைப் பார்த்தார்கள், நான் ஏதோ நீதிபதி மாதிரி.
நான் கோடை முழுக்க இங்கே டிரெய்லரில் இருப்பவள்.
விறகுக்கட்டு விற்பேன்.
கழிப்பறையில் காகிதம் மாற்றுவேன்.
சாப்பாட்டுப் பெட்டியை மூடாமல் தூங்குகிறவர்களைக்
கரடி எழுப்புவதற்குள் நான் போய் எழுப்புவேன்.
"ஓர் இடத்துக்கு இரண்டு கூடாரம் அனுமதி" என்றேன்.
கையேட்டில் அவ்வளவுதான் இருந்தது.

டுவேன் ஸ்ப்ரூஸ் மரத்தடியில் முளையடித்தான்.
மார்லிஸ் பிர்ச் பக்கம்.
நடுவில் மேசை.
அதன்மேல் இரண்டு உப்புக்குப்பி.

படகு அவனுடையது.
டப்பா நிறைய உயிருள்ள அட்டை அவளுடையது.
சனிக்கிழமை முழுதும் அவன் ஏரி நடுவில்
ரப்பர் புழுவை ஆட்டிக்கொண்டிருந்தான்.
அவள் பலகைத்துறையில் காலைத் தொங்கவிட்டு
ஒவ்வோர் அட்டையாய் முள்ளில் கோத்தாள்.
ஆழம் அங்கே, இரை இங்கே.
மீன்களுக்கு நல்ல நாள்.
துறையோரத்தில் நாலு பெர்ச் மட்டும்
ஏமாந்தன.

ராத்திரி லூன் பறவை கத்தியது.
முதல்முறை கேட்கிறவர்கள்
காட்டுக்குள் யாரோ அழுகிறார்கள் என்று
என் கதவைத் தட்டுவார்கள்.
பதினேழிலிருந்து யாரும் வரவில்லை.
முப்பத்தோரு கோடை அதைக் கேட்டவர்கள்.

ஞாயிறு விடியலில் பார்த்தால்
படகில் இரண்டு தொப்பி.
யார் யாரைக் கூப்பிட்டது, தெரியாது.
நான் மீன் கழுவும் கொட்டகையில்
நேற்றைய செதிள்களைக் குழாய்வைத்து அலசிக்கொண்டிருந்தேன்.
தண்ணீர்மேல் பேச்சு வெகுதூரம் வரும்.
படகில் இருப்பவர்களுக்கு அது தெரிவதே இல்லை.

"இழுக்காதே. விடு, ஓடட்டும்."
"எனக்குத் தெரியும்."
"எட்டு பவுண்டு நரம்புதான் அது."
"அதைச் சுற்றியதே நான்தான், டுவேன்."
பிறகு வலை நனையும் சத்தம்.
பிறகு ஒன்றுமில்லை.

வால்ஐ மீன்.
பால் படர்ந்த கண்ணால்
இருட்டில் பார்க்கிற ஜாதி.
இந்த ஏரியில் இருபது அங்குலம் தாண்டினால்
திருப்பி விட்டாக வேண்டும்.
அவன் அளவுகோலை வைத்தான்.
வாலை விரித்து இன்னொருதரம் வைத்தான்.
"இருபதே கால்."
"பத்தொன்பதே முக்கால் என்பாயே, எப்போதும்."
"இருபதே கால், மார்லிஸ்."

அவள் விளிம்பில் குனிந்து
அதைத் தண்ணீருக்குள் பிடித்திருந்தாள்,
செவுள் திறந்து, மூடி, திறந்து,
தன் பலம் தனக்கு வரும்வரை.
ரொம்ப நேரம்.
நான் குழாயை மூடிவிட்டேன்.

மத்தியானம் அந்த நாலு பெர்ச்சைப் பொரித்தார்கள் போல.
வெண்ணெய் வாசனை கழிப்பறைவரை வந்தது.
சாயங்காலம் சண்டை:
முன்பதிவுப் பணம் யாருடைய அட்டையில் போனது என்று.
இது கடன் அட்டை.
இதுவும் ரத்தம் குடிப்பதுதான்.

திங்கள் மழை.
பத்து நிமிட இடைவெளியில் இரண்டு வண்டியும் போயின.
முதலில் யார் என்று கவனிக்கவில்லை,
கிழிந்த கொசுவலையில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு விறகுக்கட்டு வாங்கியிருந்தார்கள்.
பதினேழில் நெருப்புவளையம் ஒன்றுதான்.
ஒரு கட்டு பிரிக்காமலே மேசையடியில் கிடந்தது.
விற்றதை மறுபடி விற்கக் கூடாது, அது விதி.
ராத்திரி மழை விட்டதும்
என் டிரெய்லர் வாசலில் வைத்து எரித்தேன்.
பிர்ச் பட்டை சட்டென்று பற்றும்.
கட்டைக்குள் மட்டும் கொஞ்சம் ஈரம்,
வெகுநேரம் சீறிக்கொண்டே எரிந்தது.