வெளியாள்

சுற்றறிக்கை ஒரு பக்கம்தான்.
கூடைப்பந்துத் திடலின் இரும்புக் கேற்றில்
நாலு மூலையும் செலோடேப் ஒட்டி,
ஐந்தாவது வரியில் நான்:
“வீரர் இருக்கைப் பகுதியில் வெளியாட்களுக்கு அனுமதி இல்லை.”

இருபத்தெட்டு வருசம், தலைவரே.
மீன்வாடிக்குப் பின்னால் ஐஸ் கொம்பனியில்
கட்டி உடைக்கிற கை இது.
ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு உரப்பையில்
அரைக் கட்டி, மரத்தூள் கழுவி,
சைக்கிள் கரியரில் ஏற்றி
உட்துறைமுக வீதியால் மிதித்தால்
முற்றவெளி திரும்பும்போதே முதுகு நனைந்துவிடும்.
எத்தனை கணுக்கால், முழங்கால், விரல்!
மூக்கு ஒன்று. அது இம்தாதின் மூக்கு,
இன்றைக்கும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது.

ஊரடங்கு நாட்களில்
ஐந்தரைக்குள் முடிக்கவேண்டுமென்று
இடைவேளை இல்லாமல் விளையாடினார்கள்.
கடல் ஏறிவந்த வருசம்
வளையத்தில் யாருடையதோ மீன்வலை தொங்கியது.
சேறு வாரினோம். கோடு கீறச் சுண்ணாம்பு கிடைக்கவில்லை,
கோதுமை மாவால் கீறினோம்.
முதல் பாதி முடியமுன் காகங்கள்
மூன்று புள்ளிக் கோட்டைத் தின்றுவிட்டன.
தோற்றோம், நாற்பது புள்ளியால்.
அதெல்லாம் தோல்வியே இல்லை.

இப்போதைய நிர்வாகத்துக்கு லெட்டர்ஹெட் இருக்கிறது.
தலைவர் குலவீரசிங்கம் பந்தைத் தொட்டது
ஒரே தடவை, படத்துக்காக,
இரண்டு கையாலும்,
கனிந்த பப்பாளியைத் தூக்குகிற மாதிரி.
விளக்குக் கம்பத்துக்கு வந்த காசு
விருந்தினர் கொட்டகையின் கூரையானது.
முகூர்த்த நாட்களில் திடல் கலியாண வான்களுக்கு வாடகை.
பிறீ த்ரோ கோட்டில் எண்ணெய்க் கறை,
எறியப்போகிறவன் கால் வழுக்கும்.

பிறகு டிலக்ஸனைக் கொழும்புக்கு ‘விடுவித்தார்கள்’.
சொல் அறிக்கையினுடையது.
பாலையூற்றுப் பொடியன், பதினொரு வயதில்
செருப்பில்லாமல் வந்து பந்து பொறுக்கினவன்.
விலை எவ்வளவு என்று கேட்கப்
பொதுக்கூட்டத்தில் எழும்பினேன்.
‘ஏனைய விடயங்கள்’ வந்த நேரம்
புரியாணிப் பார்சலும் வந்தது.
பொருளாளர் என் கையிலும் ஒன்றை வைத்தார்.
தின்றேன்.
நல்ல புரியாணி, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

போன ஞாயிறு கொழும்பு அணி வந்தது.
நான் கம்பிவேலிக்கு வெளியே, ஐஸோடு.
ஏன் கொண்டுபோனாய் என்றால்,
ஆட்டமென்றால் கை தானே உடைத்து வைத்துவிடுகிறது.
டிலக்ஸன் நீலச் சட்டையில், வேறு இலக்கத்தில்,
எங்கள் வளையத்தடியில் எழும்பினான்.
இறங்கினது எங்கள் பொடியன் ஒருவனின் பாதத்தில்.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்,
ஈரத் துணியை ஒருதரம் உதறின மாதிரி.

கொட்டகையில் கைதட்டினார்கள்.
தலைவரும் தட்டினார்.
முதலுதவிப் பெட்டியில் ஒரு பிளாஸ்டரும்
போன வருசத்து ரசீதுப் புத்தகமும் இருந்ததாம்.
அவன் ஒருவரையும் கேட்கவில்லை.
கிடந்தபடி, பார்க்காமலேயே,
வேலிப் பக்கம் கையை நீட்டினான்.

கம்பிக்கு மேலால் பையைப் போட்டேன்.
பைக்குப் பின்னால் நானும் ஏறியிருப்பேன்,
ஐம்பத்தெட்டு வயசு, போதாததற்குச் சாரம்.
“அண்ணை, சுற்றறிக்கை…” என்று இழுத்த காவல்காரப் பொடியன்
பையை அவனிடம் தூக்கிக்கொண்டு ஓடினான்.

வென்றோம், இரண்டு புள்ளியால்.
வெடி கொளுத்தினார்கள்.
எனக்கு எதுவும் வரவில்லை, சந்தோசமும், கோபமும்கூட.
பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல
நெஞ்சில் ஒரு பக்கம்.

சனம் போனபின் பொடியன் பையைத் திருப்பித் தந்தான்.
மிச்சத்தைக் கேற்றடியில் கொட்டினேன்.
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வந்து
மோந்து, நக்கி,
பிடிக்காமல் தலையை உதறி,
சுற்றறிக்கையின் கீழ் மூலையைக் கொஞ்சம் கடித்துப் பார்த்துவிட்டு
உள்ளே போனது,
நேராக வீரர் இருக்கைப் பக்கம்.
ஒருவரும் மறிக்கவில்லை.