உறவு அட்டவணை

புந்தா அரேனாஸில் காற்று எழும் மாதங்களில்
தெருவோரம் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
மருத்துவமனையின் அடித்தளத்தில் எனக்குக் காற்றில்லை.
சர்வர்களின் இரைச்சல், ஒரு மின் அடுப்பு,
ஆறிப்போன மாத்தே.

என் வேலையைச் சொன்னால் என் மனைவிக்கே சிரிப்பு.
இன்று எடுத்த படத்தின் பக்கத்தில்
எந்தப் பழைய படம் வந்து நிற்க வேண்டும் என்று
இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.
ஒரே ஆளின் உடம்பில்
எதற்கு எது சொந்தம் என்று.

அதுவரை டாக்டர் இவோன் மன்சியா
கையால்தான் தேடிக்கொண்டிருந்தாள்.
ஓர் எக்ஸ்ரே வரும்; பட்டியலைத் திறப்பாள்;
முழங்கால், பல், முழங்கால், வயிறு, முழங்கால்,
அடியில் எங்கோ ஒரு மார்பு.
இரவுக்கு எண்பது பேர்.
"சம்பளம் என் கண்ணுக்கு, தேய்வது விரல்"
என்றாள் ஒருநாள்.

மார்புக்கு மார்பு. சுலபம் என்றுதான் தொடங்கினேன்.
மார்புக்கு எத்தனை பெயர்!
பழைய கட்டடத்தில் ஒன்று, கடற்படை மருத்துவமனையில் ஒன்று.
போர்வெனிரில் யாரோ ஒரு டெக்னீஷியன்
பதினோரு வருடம் ஓர் எழுத்தை விட்டே தட்டியிருக்கிறார்.
இருநூற்றுப் பதினான்கு பெயர்களை
ஒரு குடும்ப அட்டையில் சேர்த்தேன்.
எக்ஸ்ரேக்கு சி.டி. பங்காளி.
இடது முழங்காலுக்கு வலது, ஒன்றுவிட்ட முறை.
ஐந்து வருடத்துக்கு மேல் போனால் விட்டுவிடு.
தோளுக்கும் மார்புக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அந்த வரியை எழுதும்போது
ரொட்டி தின்றுகொண்டிருந்தேன்.

அக்டோபரில் ஓடவிட்டோம். மூன்று நொடி.
இவோன் எனக்கு ஒரு கேக் வாங்கி வந்தாள்,
ஆப்பிள் வைத்தது.

செகுந்தினோ நாவெல்கின்.
சிலோயே தீவுக்காரர், நண்டுப் படகு.
தீராத இருமல்.
வலது நுரையீரலின் உச்சியில்
பட்டாணி போல ஒரு வெண்புள்ளி.
முந்தைய படம் எதுவும் இல்லை என்றது இயந்திரம்.
அதையும் மூன்றே நொடியில்.

சாந்தியாகோவுக்கு விமானம், ஊசி, பயாப்ஸி.
தாளில் கையெழுத்துப் போடப் போனவள்
பழக்கதோஷத்தில் பட்டியலைத் திறந்தாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்: வலது தோள்.
கூண்டுகள் சரிந்து மேலே விழுந்த நாள்.
எலும்புக்காக எடுத்த படம்,
எலும்பை மட்டும் பார்த்து மூடிய படம்.
அதன் மூலையில், கழுத்தெலும்புக்குக் கீழே,
யாரும் கேட்காமலே வந்து உட்கார்ந்திருந்தது
ஒரு பிடி நுரையீரல்.
அதற்குள் அந்தப் பட்டாணி.
அதே இடம். அதே அளவு.

ஒன்பது வருடமாக அசையாத ஒன்றை
ஏன் இத்தனை அவசரமாகக் குத்த வேண்டும்?
இங்கேயே ஒரு சி.டி. எடுத்துப் பார்க்கலாம் என்று
தாளைக் கிழித்தாள்.
தோள் கொடுப்பது என்பது இதுதானோ என்னவோ.

கீழே வந்தாள். திட்டவில்லை.
"ராதோமிர், உன் அட்டவணையில்
தோளுக்கு ஒரு நாதியும் இல்லையா?"

அன்றிரவு தோளை மார்போடு சேர்த்தேன்.
சேர்த்ததும் கழுத்து வந்து நின்றது,
அதன் அடியிலும் கொஞ்சம் நுரையீரல்.
வயிற்றுப் படத்தின் மேல்விளிம்பிலும்.
முதுகெலும்புப் படத்தில் சிறுநீரகம் எட்டிப்பார்த்தது.
எந்தப் படமும் தன் எல்லைக்குள் நிற்கவில்லை.
எல்லோரையும் அழைத்தால்
பந்தியில் இடம் போதாது,
இவோனின் விரல் மறுபடி தேயும்.
பாதியை உள்ளே விட்டேன்,
பாதியை வாசலில் நிறுத்தினேன்.
சரியா என்று இன்றும் தெரியாது.

ஒன்றை மட்டும் நிச்சயமாக மாற்றினேன்.
'முந்தைய படம் இல்லை' என்ற சொற்களை அழித்துவிட்டு
'தேடிய இடத்தில் இல்லை' என்று எழுதினேன்.

வெளியே வந்தபோது நல்ல காற்று.
கயிற்றின் மறுமுனையில் ஒருவர்
இடது கையால் பிடித்துக்கொண்டு
இருமியபடி போனார்.
அவராகவும் இருக்கலாம்.
முகத்தை நான் பார்த்ததே இல்லை.