நூலகப் படகு வரும் செவ்வாய்

ஓட்வார், முதலில் இந்தத் தடியனை எடுத்துக்கொள்.
அறுநூறு பக்கமும் மழை.
ஜன்னலைத் திறந்தால் ஃபியோர்டில் அதே மழை இலவசம்.
இருநூற்றுப் பன்னிரண்டில் மீன் ரசீதைச் செருகினேன்,
அங்கேயே கிடக்கட்டும்.

கொலைக் கதை பரவாயில்லை.
நாற்பதாம் பக்கத்திலேயே ஆளைப் பிடித்துவிட்டேன்:
குடித்த கோப்பையைத் தானே கழுவுகிற ஒரே ஆண்.
ஆனாலும் விடியும்வரை படித்தேன்.
மறுநாள் ஆலையில் காட் மீனோடு
விரலையும் கொஞ்சம் வெட்டிக்கொண்டேன்.

நீர்நாய்ப் புத்தகமா?
தங்கை மகன் ஐவிந்துக்கு என்றுதான் எடுத்தேன்.
மூன்றாம் பக்கத்தில் தூங்கிவிட்டான்.

ஒற்றைக் கையுறையைத் தொலைத்த நீர்நாய்
தீவெல்லாம் தேடுகிறது.
கிடைக்கவில்லை.
யாரும் புதிதாய்ப் பின்னித் தரவுமில்லை.
கடைசிப் படத்தில்
அந்தக் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு
நடந்துபோகிறது, அவ்வளவுதான்.

அபராதம் எவ்வளவென்று சொல்.
அடுத்த செவ்வாயும் கொண்டுவர மாட்டேன்.